நாறும் கணவாயும் நாறாத நியாயங்களும்

டிஸ்கி: மீன் வாடையே ஆகாது என்பவர்கள் இப்படியே அடுத்த வீட்டுக்கு எஸ்கேப் ஆகிவிடவும். பதிவு கொஞ்சம் நீளம். காரமும் கொஞ்சம் தூக்கல்.

"இரை கோத்துப் பிடிக்கறதெல்லாம் ஒரு மீன்பிடியா பாஸ்? மீனுக்கு சாப்பாடு போட்டு ஏமாத்துறது. லூர் போட்டு ஏமாத்துறதுதான் ஸ்போர்ட்டு."

இதை யார் சொன்னார் என்று கேட்காதீர்கள். ஒருத்தர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போ தூண்டில் பிடிக்கிற ஐ.டி. மக்கள் பத்து பேர் சேர்ந்தால் எட்டு பேர் இதைத்தான் சொல்கிறார்கள். யூடியூபில் ஜப்பான்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் ஜிக் போட்டு மீன் தூக்குவதை ராத்திரி ரெண்டு மணி வரை பார்த்துவிட்டு, மறுநாள் ஆணி புடுங்குகிற நேரத்தில் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். ஒரு ஜிக் ஐநூறு ரூபாய், எழுநூறு ரூபாய், ஆயிரத்துக்கு மேலேயும் உண்டு. வாங்கட்டும். அவங்க காசு, அவங்க இஷ்டம். நானும் நாலைஞ்சு வைத்திருக்கிறேன். என் பிரச்சினை காசு இல்லை. அந்த இரும்புத் துண்டோடு சேர்த்து ஒரு மேட்டிமையையும் பார்சலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். பெங்களூரில் பொட்டி தட்டுகிறேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போனால் வள்ளத்தில் ஏறிவிடுவேன். எங்க பக்கத்தில் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டுகளைப் பார் என்போம். முத்துக்குளித்த காலத்து 'முத்துப்பார்' கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே பார்தான். அந்தப் பார்களுக்கு மேலே வள்ளத்தை நிறுத்தி, ஈயக்குண்டு தரையைத் தட்டும்வரை நரம்பை விட்டு, களவா, விளைமீன், செப்பிலி என்று பிடிப்பதுதான் தரைத்தூண்டில். பதிவு முழுக்க இதைப் பற்றித்தான். மேல்தண்ணியில் ஓடுகிற வஞ்சிரத்தையும் பாறையையும் துரத்திப் பிடிக்கிற கதை வேறு. அங்கே ஜிக்கும் லூரும்தான் ராஜா, அதில் எனக்குச் சண்டையே கிடையாது. பாறை மீன் பளபளப்பையும் ஓட்டத்தையும் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பாயும். தரையில் கிடக்கிற மீன் அப்படிப் பாயாது சாமி. (களவாவும் சில சமயம் ஜிக்கை அடிக்கும், தெரியும். அதை வைத்து பின்னூட்டத்தில் கும்மாதீர்கள் :-))

சரி, அந்த 'சுலபம்' என்கிற குற்றச்சாட்டுக்கு வருவோம். இரை போட்டால் மீன் தானா வந்து மாட்டிக்கும், மூளையே வேண்டாம். அப்படியா?

முதல்ல தரை. மணலா, சேறா, பாரா? மணல்தரை என்றால் கிழங்கான். சின்ன வாய், மணலைக் கிளறி புழுவும் பூச்சியும் தின்கிற ஜாதி. அதுக்குப் போய் உள்ளங்கை நீளத்துக்குக் கணவாய்த் துண்டைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். விரல்நுனி அளவு இறால் சதையோ கடற்புழுவோதான். பார் என்றால் விளைமீன் இருக்கும், அது நண்டும் இறாலும் சிப்பியும் நொறுக்குவது. ஆனால் அங்கே இறாலைத் தோலுரித்துப் போட்டால் விளைமீன் வருவதற்கு முன்னால் பேத்தையும் கிளாத்தியும் பந்தியில் உட்கார்ந்து இலையை வழித்துவிடும். முள் மட்டும் பளிச்சென்று மேலே வரும். அதனால் ஓட்டோடு கோக்கணும், வால்பக்கம் இருந்து ஏத்தணும். அப்பவும் திருட்டு நிற்கவில்லை என்றால் கணவாய்க்கு மாறணும். கணவாய்ச் சதை ரப்பர் மாதிரி, கொத்துக்கு அசையாது. தரைத்தூண்டிலுக்கு ஒரே ஒரு இரைதான் எடுத்துப்போக முடியும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கணவாய்தான் எடுப்பேன்.

அதையும் வெட்டுகிற விதம் இருக்கு. ஒரு முனை அகலமும் மறுமுனை கூம்பலுமாக நீளவாக்கில் வெட்டி, கூம்பல் பக்கம் ஒரே ஒரு குத்து. மீதி தண்ணியில் தொங்கி ஆடணும். நம்ம ஆளுங்க ஊசியில் பூ கோத்த மாதிரி நாலு இடத்தில் குத்திச் சுருட்டி வைப்பார்கள். அது தண்ணிக்குள் பம்பரமாகச் சுத்தி நரம்பை முறுக்கிக்கொண்டு வரும். முள்ளின் கூர் வெளியே தெரிந்தால் மீன் பயப்படும் என்று உள்ளே புதைக்கிற வழக்கம் வேறு. மீனுக்கு முள் என்றால் என்னன்னு தெரியவா போகுது? கூர் வெளியேதான் இருக்கணும்.

சாளை போட்டால் எண்ணெய் கசியும், தூரத்து மீனையும் இழுக்கும். ஆனால் சதை புட்டு மாதிரி உதிரும். சாய்வாக ரெண்டாக வெட்டி, முள்ளில் ஏத்தி, தையல்நூலால் நாலு சுத்து சுத்தணும். முந்தின நாளே கல்லுப்பு போட்டு வைத்தால் சதை இறுகும். ரெண்டு தடவை உறைந்து உருகிய சாளையைக் கொண்டுவந்தால் நூல் என்ன, கயிறு கட்டினாலும் நிக்காது. இன்னொன்று, ஐஸ்பெட்டியில் இரையை நேரா ஐஸ்மேல் கொட்டக்கூடாது. உருகின நல்லதண்ணியில் ஊறி இரை வெளுத்துப் போய், சாறு எல்லாம் போய், சக்கை மட்டும் மிஞ்சும். பையில் கட்டித்தான் வைக்கணும்.

சாறு போனால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் மேட்டரே. மீனுக்கு மூக்குத் துளை இருக்கு, மூச்சு விட இல்லை, மோந்து பார்க்க மட்டும். கணவாய், இறால் சதையிலிருந்து கசிகிற அமினோ அமிலங்கள்தான் அதுக்குப் பிரியாணி வாசனை. கெளுத்தி இனத்துக்கு மீசை, தோல் எல்லாமே நாக்கு. அந்தக் கசிவு நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், பட்டையாகப் பரவிப் போகும். அதனால் பாருக்கு நேர் மேலே வள்ளத்தை நிறுத்தாமல், நீவாடு வருகிற பக்கமாகத் தள்ளி நங்கூரம் போட்டு, வாசனை பாரைத் தொடுகிற மாதிரி இறக்கணும். இதை எங்க ஊர் வள்ளக்காரர் ஒருத்தர் கையைத் தண்ணியில் விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் ஜி.பி.எஸ். எடுத்துக் காட்டியபோது, "வச்சிக்கிடுங்க தம்பி, திரும்பிப் போறதுக்கு ஆவும்" என்றார். அதோட முடித்துக்கொண்டார். அவ்வ்வ்வ்...

யூடியூபில் சொல்கிறார்கள், ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடு, இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் போடு. நம்மாளுங்களும் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அய்யா, குஜராத்தில் பாவ்நகர் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் 10 மீட்டரைத் தொடும். தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. இங்கே தண்ணியை அதிகமாக நகர்த்துவது காத்தும் பருவமும். கச்சான் அடிக்கிற மாசத்தில் தண்ணி ஒரு பக்கம், வாடை அடிக்கிற மாசத்தில் வேறு பக்கம். அதுக்குத் தகுந்தபடி ஈயத்தின் எடை மாறும், வள்ளம் நிற்கிற இடம் மாறும், தண்ணி கலங்கினால் இரையும் மாறும். கலங்கின தண்ணியில் கண்ணுக்கு வேலை இல்லை, மூக்குக்குத்தான் வேலை.

இத்தனையையும் ஒருத்தர் தலைக்குள் வைத்திருக்கிறார். இதைப் போய் 'மூளை வேண்டாத வேலை' என்று பெட்டியில் எழுதியிருந்த நிறத்தைப் பார்த்து ஜிக் வாங்கின ஒருத்தர் சொல்கிறார்!

நிறம் என்றதும் ஞாபகம் வருது. சிவப்பு, ஆரஞ்சு ஜிக்குகளை 40 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். தண்ணி முதலில் முழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். 10, 15 மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் போய்விடும். அதுக்குக் கீழே உங்க செக்கச்செவேல் ஜிக், மீன் கண்ணுக்குக் கரிக்கட்டை. இருட்டில் ஒளிர்கிற பூச்சு போட்டது வேலை செய்யும், ஒத்துக்கிறேன். மத்தபடி கடையில் மாட்டியிருக்கிற அந்த வானவில் பெரும்பாலும் மீனைப் பிடிக்க இல்லை, நம்மைப் பிடிக்க.

இன்னொரு வேடிக்கை. இரை நாறுது என்று முகம் சுளிக்கிறவர்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். கணவாய் மணம் ஏத்தின பிளாஸ்டிக் புழு, லூர் மேலே தடவ சின்ன பாட்டிலில் இறால் மண எண்ணெய் எல்லாம் இருக்கும். அதாவது சந்தையில் கால் கிலோ வாங்கினால் நாத்தம். கம்பெனி பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் டெக்னாலஜி. 'மேல்நாட்டு நவீனம்' என்கிற பேச்சும் இப்படித்தான். போலி இரை நம்ம கடற்கரைக்குப் புதுசே இல்லை. முள்ளில் கோழி இறகும் மினுக்கு நூலும் கட்டி வரிசையாக இறக்கி அயிலை பிடிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கணவாயைப் பிடிக்கவும் போலி இறால் போடுகிறார்கள். எந்த மீனுக்கு எது என்று தெரிந்து போடுகிறார்கள். சண்டை இரைக்கும் லூருக்கும் நடுவில் இல்லை. யார் போடுகிறார் என்பதுதான் இவர்களுக்குக் கணக்கு. மூவாயிரம் ரூபாய் சட்டை போட்டவர் போட்டால் ஸ்போர்ட்டு, லுங்கி கட்டினவர் போட்டால் பிழைப்பு.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கோஷ்டி வள்ளத்தை வாடகைக்குப் பேசும்போது, "கணவாய், சாளை எதுவும் உள்ளே ஏத்தக்கூடாது, எங்க ரீலில் வாடை பிடிச்சுக்கும்" என்று நிபந்தனை போட்டார்கள். மீன் பிடிக்கப் போகிற வள்ளத்தில் மீன் வாடை கூடாதாம்! வள்ளக்காரர் பையன், ப்ளஸ் டூ படிக்கிறவன், அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அப்பா கையில் இருக்கிறது நாத்தம், வந்தவர்கள் கையில் இருக்கிறது அறிவு என்று அவன் நினைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இப்போ அவர்களின் கடைசி ஆயுதம். "நாங்க பிடிச்சு விட்டுடுறோம் பாஸ். இரை போட்டால் மீன் முழுங்கிடும், செத்துடும். லூர் உதட்டில்தான் மாட்டும். நாங்கதான் கடலைக் காப்பாத்துறோம்."

பாதி உண்மை. இரையை மீன் தொண்டை வரை முழுங்குவது லூரைவிட அதிகம், மறுக்கவில்லை. மீதிப் பாதியைத்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். நாம எல்லாரும் என்ஜினியரிங் படித்தவர்கள்தானே, பாயில் விதி ஞாபகம் இருக்கா? 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டர் ஆழத்தில் மேல்காற்றையும் சேர்த்து 5. அங்கே இருக்கிற களவாவின் காற்றுப்பையில் உள்ள காற்று, மேலே வரும்போது 5 மடங்கு விரியும். அதை ஏப்பம் விட்டு வெளியேத்த அதுக்கு வழி கிடையாது. கண் பிதுங்கும், வயிறு உப்பும், இரைப்பை வாய் வழியே பலூன் மாதிரி வெளியே தள்ளும். அந்த நிலையில் மடியில் வைத்து போட்டோ எடுத்து, முத்தம் கொடுத்து, "போய் வா ராஜா" என்று விடுகிறீர்கள். அது எங்கே போகும்? உள்ளே முங்க முடியாமல் வயித்தைக் காட்டிக்கொண்டு மிதக்கும். கழுகோ வெயிலோ கணக்கை முடித்துவிடும். கேமரா அதுக்குள்ளே ஆஃப். அந்த மீன் லூரில் உதட்டில் மாட்டினது, ரொம்ப மரியாதையாக மாட்டினது. செத்தது செத்ததுதான்.

சில மேதாவிகள் வாயில் தெரிகிற அந்த பலூனைக் குத்தி உடைப்பார்கள். அது காற்றுப்பை இல்லை அய்யா, அதோட இரைப்பை!

அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவில் இதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டமே போட்டார்கள். 2008 முதல் பார்மீன்களுக்கு இயற்கை இரை போட்டால் வட்டக்கொக்கிதான் போடணும். 2022 ஜனவரி முதல் மீனைக் கீழே கொண்டுபோய் விடுகிற கருவியோ, காற்றை வெளியேத்துகிற ஊசியோ கைக்கெட்டும் தூரத்தில் படகில் இருக்கணும் என்று விதித்தார்கள். கவனியுங்கள், இரையைத் தடை செய்யவில்லை. கொக்கியை மாத்தினார்கள். வட்டக்கொக்கியின் கூர் உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் முழுங்கினாலும் நரம்பு இறுகும்போது வழுக்கி வெளியே வந்து, வாய் ஓரத்தில் போய்க் கவ்வும். வெட்டி இழுக்கக்கூடாது, நிதானமாகச் சுத்தணும், அவ்வளவுதான். இதுவும் புதுசு இல்லை, பசிபிக் தீவுக்காரர்கள் எலும்பிலும் சிப்பியிலும் செய்தது. வடபசிபிக்கில் ஹாலிபட் பிடிக்கிற தொழில்காரர்கள் 1980களின் தொடக்கத்தில் இதுக்கு மாறினார்கள், மீனைக் காப்பாத்த இல்லை, மீன் கூடுதலாக மாட்டுது என்பதால்! இரையோடு வட்டக்கொக்கி போட்டால் உங்க 'முழுங்கிடும்' வாதத்தில் பெரும்பகுதி காலி.

களவா விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கு. பெரும்பாலான களவாக்கள் பெண்ணாகத்தான் வளரும், பெரிசானப்புறம் சிலது ஆணாக மாறும். (கொடுவா நேர் எதிர், ஆணாக ஆரம்பித்து பெண்ணாகும்.) அப்போ ஒரு பாரில் இருக்கிற பெரிய களவாக்களையெல்லாம் தூக்கிவிட்டால் ஆம்பளையே இருக்காது. குட்டிகளையெல்லாம் தூக்கிவிட்டால் முட்டையே இருக்காது. ராட்சதக் களவா 400 கிலோ வரை வளரும், அது 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பட்டியலிலேயே இருக்கு, தொடவே கூடாது.

இங்கே நம்ம இரைக் கட்சிக்காரர்களுக்கும் நாலு வார்த்தை. சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. சின்ன முள், சின்ன இறால் துண்டு, வரிசையாக நாலு முள் கட்டி இறக்கி, விரல் நீளக் களவாக் குஞ்சுகளை வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்து வாட்ஸப்பில் போடுகிறீர்களே, அது என்ன வீரம்? கேரளாவில் 58 வகை மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறார்கள், அதுக்குக் கீழே பிடிக்கக்கூடாது. நமக்குச் சட்டம் வந்து சொல்லணுமா? இரையின் அளவுதான் மீனின் அளவு. அரைச்சாண் கணவாய்த் துண்டு, பெரிய வட்டக்கொக்கி. குஞ்சு வாயில் அது நுழையவே நுழையாது. கடி குறையும், சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் கூடும். உட்காருங்க. ஆபீஸில் மீட்டிங்கில் உட்காருவதில்லையா?

அப்புறம், 'உயிர் இரை' என்று கரைவலையில் வந்த பாறைக் குஞ்சையும் கொடுவாக் குஞ்சையும் முள்ளில் மாட்டுகிறவர்கள். நாளைக்கு அஞ்சு கிலோ வரப்போகிற மீனை இன்னைக்கு மூணு கிலோ மீனுக்கு இரையாகப் போடுகிற கணக்கு எந்த ஊர்க் கணக்கு? உயிர் இரைதான் வேணும் என்றால் சாளை இருக்கு, சின்னதிலேயே வளர்ச்சி முடிந்துவிடுகிற ஜாதி.

ஜிக் கோஷ்டி, இரை கோஷ்டி, ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் சொல்வது இதுதான். ஆழமான பாரில் பிடிச்சு விடுகிற விளையாட்டே வேண்டாம். சாப்பிட எத்தனை வேணுமோ அத்தனை, பிடித்ததும் நரம்பைச் சுத்திவிட்டு வேறு இடம் போங்க. தப்பித் தவறி வேண்டாத மீன் வந்துவிட்டால் குத்தாதீங்க. ஒரு பெரிய கொக்கியின் முள்மீசையை பிளையரால் நசுக்கி, அதை ஒரு கிலோ ஈயத்தோடு தலைகீழாகக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி கீழே இறக்குங்க. பாதி ஆழம் போனதும் காற்று சுருங்கி, மீனுக்கு உயிர் வரும். ஒரு இழுப்பு இழுத்தால் கொக்கி மட்டும் கழன்று மேலே வரும். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பாரில் ஈயம் சிக்கி அறுவதும் தினசரி கதை. ஈயத்தை மட்டும் மெலிசான நரம்பில் கட்டினால் சிக்கும்போது அது மட்டும் அறும், முள்ளும் மீனும் தப்பிக்கும். ஈயத்துக்குப் பதில் பழைய நட்டு, துளை போட்ட கல்லுகூடப் போதும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு, 1986லிருந்து. வான் தீவுப் பக்கம் "சும்மா ஒரு ஜிக் போட்டுப் பாக்கலாமே" என்று வள்ளக்காரரை நச்சரிக்கிற புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் உங்களுக்கு ஒரு நாள் தலைவலி, அவருக்கு வள்ளமே போகும். அவர் முடியாதுன்னு சொன்னால் அதோட விடுங்க.

திட்டுறவங்க பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். ஒரே கோரிக்கை, திட்டுவதற்கு முன்னால் கடைசியாக நீங்க பிடிச்சு விட்ட களவா எத்தனை மீட்டரிலிருந்து வந்தது, தண்ணிக்குள் முங்கினதா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திட்டுங்க.

பி.கு: கணவாய் வாடை கையைவிட்டுப் போகவில்லை என்று தங்கமணி கதவைச் சாத்தினால், சோப்பு வேலைக்கு ஆகாது. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து உள்ளங்கையில் தேய்த்து, அஞ்சு நிமிஷம் கழித்துக் கழுவவும். ரீலுக்கும் வாடை வந்துவிட்டது என்று அழுகிறவர்கள் நல்லதண்ணியில் துடைத்து வைக்கவும். ரீலுக்குப் புளி வேண்டாம் :-)